மழை பொய்ச்சா கரண்டும் பொய்க்கும்

போன சித்திரையில சென்னையில இருந்து தங்கச்சி மகன் போன் பண்ணினான். "மாமா, ராத்திரி கரண்ட் போயிப் போயி வருது. ஏசி இல்லாம குழந்தை தூங்கல. உங்க மோட்டாருக்கெல்லாம் சும்மாவே குடுத்தா எங்களுக்கு எப்படி மிஞ்சும்?" சிரிச்சுக்கிட்டேதான் கேட்டான். இருந்தாலும் சுருக்குனு இருந்துச்சுங்க.

எங்க ஊர் பல்லடம் பக்கம். ஆறு கிடையாது, கிணத்துப் பாசனம்தான். தாத்தா காலத்துல கவலை. மனக்கவலை இல்லைங்க, மாட்டைப் பூட்டி சாலில் தண்ணி இறைக்கறது. 1932-ல் நீலகிரியில் பைக்காரா மின்நிலையம் ஓட ஆரம்பிச்சு, கோயம்புத்தூர் மில்லுகளுக்குக் கரண்ட் வந்தது. அப்புறம் 1937-ல் மேட்டூர், 1944-ல் பாபநாசம். எல்லாமே அணைத் தண்ணியில் ஓடுறது. கம்பி மெதுவா கிராமத்துக்கும் வந்துச்சு. அப்பா மாட்டை வித்துட்டு மூணு எச்பி மோட்டார் வச்சார்.

இதுல ஒரு பொல்லாத கணக்கு இருக்கு. மழை நல்லா பேஞ்சா கிணத்துல தண்ணி மேலேயே நிக்கும், மோட்டாருக்கு வேலை குறைவு. அணையும் நிறைஞ்சிருக்கும். மழை பொய்ச்சா எல்லாம் தலைகீழ். நாப்பதடியில இருந்த தண்ணி எண்பதடிக்கு இறங்கிட்டா, அதே தண்ணியை மேலே ஏத்த ரெண்டு பங்கு கரண்ட் வேணும். அணையில தண்ணி இல்லாததும் அதே நேரம்தான். கேட்கிறவங்க அதிகமாகறப்போ குடுக்கிற கை வத்திப் போகும்.

1982-83 வறட்சியில நான் பள்ளிக்கூடத்துப் பையன். திரீ பேஸ் எப்ப வரும்னு அப்பா கிணத்துமேட்டுல கயித்துக் கட்டில் போட்டுப் படுத்திருப்பார். பல்பு எரிஞ்சதும் எந்திரிச்சு ஸ்டார்ட்டரை அமுக்கணும். அரை மணி நேரம் ஓடும், கிணறு வத்திரும். ஊறுறதுக்குள்ள கரண்ட் போயிரும். தென்னை பத்து மரம் கண்ணு முன்னாடியே காஞ்சு போச்சு.

1962-ல் நெய்வேலி நிலக்கரி வந்தபிறகு மழையை மட்டும் நம்புறது குறைஞ்சது. காத்தாலைகளும் வந்துச்சு. ஆனா பாலக்காட்டுக் கணவாய்க் காத்து வைகாசிக் கடைசியிலதான் வலுக்கும். நகரத்து வெயிலோ சித்திரையிலயே வந்துருது. 2024 மே 2-ஆம் தேதி தமிழ்நாட்டின் மின்தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது, அதுவரை இல்லாத உச்சம். அக்கினி நட்சத்திரம் பொறக்க இன்னும் ரெண்டு நாள் இருந்துச்சு! பகல்ல சோலார் கைகொடுக்குது. ராத்திரி சூடேறின கான்கிரீட் சுவருக்குள்ள ஏசி ஓடுறப்போ சூரியன் எங்கே?

எங்க மேலயும் தப்பு இருக்கு. 1990-க்கு அப்புறம் எல்லா விவசாயிக்கும் இலவசம்னு ஆனதும் ஆட்டோ ஸ்டார்ட்டரைப் போட்டுட்டுத் தூங்கப் போனவங்கள்ல நானும் ஒருத்தன். வரப்பு தாண்டித் தண்ணி ஓடியிருக்கு. கிணறு வத்தினதும் ஆயிரம் அடி போர் போட்டோம்.

இதையெல்லாம் அவன்கிட்ட சொன்னேன். "சரிங்க மாமா"ன்னு வச்சுட்டான். ஆனி பொறந்து காத்து வீசினதும் அவனே கூப்பிட்டான், இப்பல்லாம் கரண்ட் நிக்கறதில்லையாம். எனக்கு இங்க கிணத்துல அரை மணித் தண்ணிதான்.