இணையப் படங்களும் லேசி லோடிங்கும்: ஒரு சுருக்க வரலாறு

இணையப் பக்கத்தைத் திறந்தவுடன் அதிலுள்ள படங்கள் அனைத்தையும் இறக்கிவிடாமல், வாசகர் பார்வைக்கு வரவிருக்கும் படங்களை மட்டும் உரிய நேரத்தில் இறக்கும் முறை லேசி லோடிங். எந்தப் படம் எப்போது வரவேண்டும் என்ற முடிவு முதலில் வாசகரிடம் இருந்தது. பின்னர் அது பக்கத்தை எழுதும் நிரலாளரிடம் போனது. 2019 முதல் உலாவி அந்தப் பொறுப்பை ஏற்றுக்கொண்டுவருகிறது.

1993 பிப்ரவரியில், இல்லினாய் பல்கலைக்கழகத்தின் மீக்கணினி மையத்தில் மொசைக் உலாவியை உருவாக்கிக்கொண்டிருந்த மார்க் ஆண்ட்ரீசன், எழுத்துக்கு நடுவே படத்தைப் பொருத்தும் ஐஎம்ஜி குறிச்சொல்லை முன்மொழிந்தார். அதே ஆண்டு வெளிவந்த மொசைக் அந்த வசதியைப் பரவலாக்கியது. ஆனால் வீடுகளில் இருந்தவை தொலைபேசிக் கம்பிவழி இயங்கும் மோடம்கள். நொடிக்கு 14.4 கிலோபிட் வேகத்தில் 50 கிலோபைட் படம் ஒன்று வந்துசேர அரை நிமிடம் ஆகும். நாலைந்து படங்கள் இருந்தால் பக்கம் நிரம்ப இரண்டு நிமிடமாவது போய்விடும்.

இதற்கு அன்றைய உலாவிகள் தந்த தீர்வு, படங்களை நிறுத்திவைக்கும் அமைப்பு. அதைத் தேர்ந்தெடுத்தவருக்கு எழுத்து மட்டும் வரும். படம் இருக்கவேண்டிய இடத்தில் சிறு குறி தெரியும். வேண்டுமென்றால் சொடுக்கி வரவழைத்துக்கொள்ளலாம். படத்துக்கு மாற்றாக விளக்க வரி எழுதும் வழக்கம் இத்தகைய வாசகருக்கும் பெரிதும் பயன்பட்டது.

காத்திருப்பைத் தாங்கக்கூடியதாக்கும் முயற்சிகள் கோப்பு வடிவங்களிலும் நடந்தன. இடைப்பின்னல் முறையில் சேமித்த ஜிஃப் படம், முதல் சுற்றில் எட்டு வரிக்கு ஒரு வரியாக வந்து, நான்கு சுற்றுகளில் முழுமை பெறும். படிமுறை ஜேபெக் முதலில் மங்கலாகத் தோன்றிப் பிறகு தெளியும். நெட்ஸ்கேப் உலாவியின் லோ-எஸ்ஆர்சி பண்பு, தரம் குறைந்த சிறு படத்தை முதலில் காட்டி, அசல் வந்ததும் மாற்றிவைத்தது. ஆயினும் வாசகர் பார்க்காத படங்களும் இவற்றில் முழுமையாக இறங்கவே செய்தன.

2000-களில் அகலக்கற்றை பரவியது. படங்களின் எண்ணிக்கையும் அதற்கேற்பப் பெருகியது. நீண்ட பக்கத்தில் பல படங்கள் வாசகர் எட்டாத அடிப்பகுதியில் கிடந்தன. நெட்ஸ்கேப்பில் 1995-இல் அறிமுகமான ஜாவாஸ்கிரிப்ட் இதற்கு வழி தந்தது. வாசகர் ஸ்க்ரோல் செய்யும் ஒவ்வொரு முறையும் படத்தின் இடத்தைக் கணக்கிட்டு, அது திரையை நெருங்கும்போது மட்டும் நிரல் அதை வரவழைத்தது. மிகா டூபோலா ஜெகுவெரி நூலகத்துக்காக 2007-இல் எழுதிய 'லேசி லோட்' செருகுநிரல் இம்முறையைப் பல தளங்களுக்குக் கொண்டுசென்றது.

விரைவில் உலாவியின் வேகமே இம்முறைக்கு இடையூறானது. 2008, 2009 வாக்கில் உலாவிகள், நிரல்கள் ஓடி முடியும்வரை காத்திராமல் பக்கத்தை முன்கூட்டியே துழாவி, படங்களின் முகவரிகளைக் கண்டெடுத்து இறக்கத் தொடங்கின. நிரல் தடுக்கும் முன்பே படம் இறங்கிவிடும். எனவே நிரலாளர்கள் உண்மை முகவரியை உலாவி பொருட்படுத்தாத டேட்டா-எஸ்ஆர்சி பண்பில் வைத்துவிட்டு, வழக்கமான இடத்தில் ஒரு பிக்சல் அளவுள்ள ஒளிபுகும் ஜிஃப் படத்தை இட்டார்கள். இதனால் ஜாவாஸ்கிரிப்ட் இயங்காத இடங்களில் படமே வராத நிலை ஏற்பட்டது. அதற்கென மாற்று ஏற்பாடு தேவைப்பட்டது. ஸ்க்ரோலின்போது ஓயாமல் நடந்த கணக்கீடு கைபேசிகளைத் திணறடித்தது.

மைக்ரோசாஃப்ட் 2013-இல் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 11-இல் லேசிலோட் என்ற பண்பைச் சேர்த்தது. பிற உலாவிகள் பின்பற்றாததால் அது நிலைக்கவில்லை. 2016-இல் குரோம் 51 கொண்டுவந்த இன்டர்செக்‌ஷன் அப்சர்வர், ஒரு படம் திரை எல்லைக்குள் வருவதை உலாவியே கவனித்து நிரலுக்குத் தெரிவிக்கும் வசதியைத் தந்தது. நிரலாளர் ஓயாமல் கணக்கிட்டுக்கொண்டிருக்கும் தேவை இதனால் நீங்கியது.

2019 ஜூலையில் குரோம் 76, படத்தின் குறிச்சொல்லில் லோடிங் பண்புக்கு லேசி என்ற மதிப்பைக் கொடுத்தாலே போதும் என்ற நிலையை உருவாக்கியது. 2020-இல் இது எச்டிஎம்எல் தரநிலையில் இடம்பெற்றது; அதே ஆண்டு ஃபயர்பாக்ஸ் 75-உம், 2022 மார்ச்சில் சஃபாரி 15.4-உம் ஏற்றுக்கொண்டன. படம் எவ்வளவு தொலைவில் இருக்கும்போது இறக்கத் தொடங்கவேண்டும் என்பதை உலாவி முடிவு செய்யும். வேகமான இணைப்பில் குரோம் முதலில் 3,000 பிக்சல் தொலைவு வைத்திருந்தது. 2020-இல் அதை 1,250 ஆகக் குறைத்தது. மெதுவான இணைப்புகளுக்கு 4,000-இலிருந்து 2,500 ஆனது. ஜாவாஸ்கிரிப்டை நிறுத்திவைத்திருப்பவருக்கு இந்த வசதி செயல்படாது. படங்கள் கேட்கப்படும் வரிசையை வைத்து, வாசகர் பக்கத்தில் எங்கே இருக்கிறார் என்பதைத் தளம் ஊகித்துவிடக்கூடாது என்பதற்காகவே தரநிலையில் இந்த விதி சேர்க்கப்பட்டது.

2020 ஆகஸ்டில் வெளியான வேர்ட்பிரஸ் 5.5, அகலமும் உயரமும் குறிக்கப்பட்ட படங்களுக்கு இப்பண்பைத் தானாகவே சேர்த்தது. அளவு தெரிந்தால்தான் படத்துக்கு முன்னதாகவே இடம் ஒதுக்கமுடியும். இல்லையேல் படம் வந்ததும் எழுத்து கீழே தள்ளப்படும். ஆனால் திறந்தவுடன் தெரியவேண்டிய முதல் படத்துக்கும் இப்பண்பு ஒட்டிக்கொண்டதால், பக்கத்தின் முக்கியப் படமே தாமதமானது. 2022 ஜனவரியில் வந்த 5.9 பதிப்பு, உள்ளடக்கத்தின் முதல் படத்துக்கு விலக்களித்தது. 2023-இல் 6.3 பதிப்பு, அத்தகைய படத்துக்கு முன்னுரிமை கேட்கும் பண்பையும் சேர்த்தது.

இதையடுத்து இன்றைய நடைமுறை உருவானது: முதல் திரையில் தெரியும் படங்கள் உடனே வரும், அதற்குக் கீழே உள்ளவை காத்திருக்கும். சிஎஸ்எஸ் வழியே இடப்படும் பின்னணிப் படங்களுக்கு லோடிங் பண்பு பொருந்தாது. அவற்றுக்கு ஜாவாஸ்கிரிப்ட் நிரல்களே இன்னும் பயன்படுகின்றன.