எழும்பூர் வீட்டிலிருந்து மொட்டைமாடி வரை

சென்னை நுங்கம்பாக்கத்தில், மண்டல வானிலை ஆய்வு மையத்தின் வளாகத்துக்குள் கருங்கல் தூண் ஒன்று நிற்கிறது. உயரம் 15 அடி. எடை ஏறத்தாழ 10 டன். 1792ஆம் ஆண்டு கிழக்கிந்தியக் கம்பெனி எழுப்பிய சென்னை வானாய்வகத்தில் விண்மீன் நோக்கும் கருவியைத் தாங்கி நின்ற தூண் இது. கட்டடம் மறைந்துவிட்டது, தூண் மட்டும் எஞ்சியுள்ளது. அதில் தமிழிலும் கல்வெட்டு உண்டு என்பது நம் வாசகர்களில் பலர் அறியாத செய்தியாக இருக்கலாம்.

இத்தூணுக்கும் முந்தியது ஒரு வீடு. வில்லியம் பெட்ரி என்ற கம்பெனி அதிகாரி 1786இல் எழும்பூரில் தம் சொந்தச் செலவில், இரும்பும் மரமும் கொண்டு ஒரு சிறிய வானாய்வகத்தை அமைத்தார். அங்கிருந்தவை 3 அங்குலத் தொலைநோக்கிகள் இரண்டும், ஊசற்கடிகாரங்களும், ஒரு நடுவரைக் கருவியும். இவற்றைப் பின்னர் அவர் கம்பெனிக்கு அளித்தார். அதிலிருந்தே அரசு வானாய்வகம் முளைத்தது. 1899இல் அது கோடைக்கானலுக்கு இடம்பெயர்ந்தது. இன்றைய இந்திய வான்இயற்பியல் நிறுவனம் வரை நீளும் அந்த மரபின் வேர், தனிமனிதர் ஒருவரின் வீட்டு ஆர்வத்தில் இருக்கிறது.

மொட்டைமாடியில் ஒரு சிறு தொலைநோக்கியை நிறுத்திவிட்டு, கீழே அறையில் அமர்ந்து கைப்பேசியால் அதை இயக்கி, ஒண்முகில்களைப் படம்பிடிக்கும் வழக்கம் இப்போது நம் நகரங்களில் மெல்லப் பரவி வருகிறது. வசதியுள்ளவர்களின் புது விளையாட்டு என்று இதைக் கடந்துவிடுவோர் பலர். அந்த மொட்டைமாடிக் கருவிக்கு இருநூறு ஆண்டுகளுக்கும் மேற்பட்ட குலவரலாறு உண்டு என்பதும், அந்த முன்னோர்கள் எவரும் வெறுமனே விளையாடியவர்கள் அல்லர் என்பதுமே நாம் இங்கு சொல்ல விழைவது.

கண் விலகியது

ஒளிப்படத் தகடு வந்தபோது தொலைநோக்கியிலிருந்து முதலில் விலகியது மனிதக் கண். 1880 செப்டம்பர் 30 அன்று ஹென்றி டிரேப்பர் என்ற அமெரிக்க மருத்துவர், நியூயார்க் அருகே ஹேஸ்டிங்ஸ் என்னும் ஊரில் தம் சொந்த வானாய்வகத்திலிருந்து ஓரியன் ஒண்முகிலை 51 நிமிடங்கள் தகட்டில் பதியவைத்தார். ஓர் ஒண்முகிலின் முதல் ஒளிப்படம் அதுவே. மூன்றாண்டுகள் கழித்து, இலண்டனை அடுத்த ஈலிங்கில் ஆண்ட்ரூ காமன் என்ற பொறியாளர் தம் வீட்டுத் தோட்டத்தில் நிறுத்திய 36 அங்குலத் தொலைநோக்கியால் அதே ஒண்முகிலைப் படம்பிடித்தார். அப்படத்தில், அத்தொலைநோக்கி வழியே கண்ணால் பார்த்தபோது தென்படாத விண்மீன்கள் பதிந்திருந்தன. கண் ஒரு கணத்து ஒளியை மட்டுமே அறியும். தகடோ மணிக்கணக்கில் ஒளியைச் சேமிக்கும். இவ்வுண்மையை உலகுக்கு மெய்ப்பித்தவர்களில் முன்னிற்பவர்கள் வீட்டு வானியலாளர்களே. 1888இல் ஐசக் ராபர்ட்ஸ் என்ற கட்டடத் தொழில் வணிகர் லிவர்பூல் அருகிலிருந்து எடுத்த ஆண்ட்ரோமீடா படம், அதன் சுருள் வடிவத்தை முதன்முதலாகத் தெளிவாகக் காட்டியது.

கை விலகியது

ஆனால் இவர்களின் கைகளுக்கு ஓய்வில்லை. பூமி சுழல்வதால் வானம் விநாடிக்கு 15 வில்விநாடி நகர்கிறது. நிலவு தன் அகலத்தைக் கடக்க இரண்டு நிமிடமே போதும். தொலைநோக்கி அதே வேகத்தில் பின்தொடராவிட்டால் விண்மீன்கள் புள்ளிகளாகாமல் கோடுகளாகிவிடும். கடிகாரப் பொறிகள் இருந்தன. எனினும் அவற்றின் பிழையைக் கையால்தான் திருத்த வேண்டும். தகடு தாங்கும் சட்டத்தையே நகர்த்தும் அமைப்பொன்றைச் செய்த காமன், வழிகாட்டி விண்மீனை நோக்கியபடியே அதைத் திருத்திக்கொண்டிருந்தார். குளிர் இரவில் மணிக்கணக்கில் இமை கொட்டாது அமர்ந்திருப்பதே அக்கால வான்படக்கலை.

இந்தப் பணியைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டது மின்னணுவியல். 1969இல் வில்லார்டு பாயிலும் ஜார்ஜ் ஸ்மித்தும் பெல் ஆய்வகத்தில் உருவாக்கிய சி.சி.டி. என்னும் ஒளியுணரி ஒளிப்படத் தகட்டின் இடத்தைப் பிடித்தது. 2009இல் அதற்காக அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. வழிகாட்டி விண்மீனை ஒரு சிறு காமிரா கவனிக்க, பிழையைக் கணினி அளக்க, மோட்டார் திருத்தும் முறை 1980களின் இறுதியில் ஆர்வலர்களுக்கும் எட்டியது.

உடலும் விலகியது

மூன்றாவது விலகலும் ஒரு வீட்டுக் கொல்லையோடு தொடர்புடையதே. 1983இல் அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்து ஃபீனிக்ஸ் நகரில் லூயிஸ் பாய்டு தம் வீட்டுக் கொல்லையில் நிறுவிய 10 அங்குலத் தொலைநோக்கி, மனிதத் துணையின்றித் தானே விண்மீன்களைத் தேடி ஒளியளக்கத் தொடங்கியது. அவர் உறங்கும்போதும் அது உழைத்தது.

நம் நாட்டில் இதன் பேருரு லடாக்கின் ஹான்லேயில் உள்ளது. கடல் மட்டத்திலிருந்து சுமார் 4500 மீட்டர் உயரத்தில் 2000இல் நிறுவப்பட்ட 2 மீட்டர் இமயச் சந்திரா தொலைநோக்கி, 2001 முதல் பெங்களூரை அடுத்த ஹொசகோட்டேயிலிருந்து செயற்கைக்கோள் இணைப்பின் வழி இயக்கப்படுகிறது. மூச்சுத் திணறும் மலையுச்சியில் கருவி, சமவெளியில் ஆய்வாளர். மொட்டைமாடிக்கும் கீழறைக்கும் இடையே நாம் செய்வது இதன் சிற்றுருவே.

நம் மாடியில்

தொடங்குபவருக்குத் தேவையானவை எவை? 60 முதல் 80 மி.மீ. துளையுள்ள சிறு ஒளிவிலகல் தொலைநோக்கி, புவியச்சுக்கு இணையாகத் திரும்பும் மோட்டார்த் தாங்கி, ஒரு காமிரா, வழிகாட்டிக் காமிரா, குவியத்தைச் சரிசெய்யும் சிறு மோட்டார், இவற்றையெல்லாம் ஆளும் ராஸ்பெரி பை போன்ற கையடக்கக் கணினி. வைஃபை வழியே அக்கணினியோடு பேசினால் போதும். எடுத்த படத்திலுள்ள விண்மீன்களை அட்டவணையோடு ஒப்பிட்டு, தான் எங்கே நோக்குகிறோம் என்பதை மென்பொருளே கண்டறிந்து திருத்திக்கொள்ளும். இவை அனைத்தையும் ஒரே பெட்டிக்குள் அடக்கிய 50 மி.மீ. துளைக் கருவிகள் சந்தையில் உள்ளன.

ஆயினும் நம் மண்ணுக்கே உரிய சிக்கல்கள் சில உண்டு. தாங்கியின் அச்சு துருவ விண்மீனை நோக்க வேண்டும். சென்னையில் அவ்விண்மீன் அடிவானிலிருந்து 13 பாகை உயரத்திலேயே நிற்கிறது. குமரியில் 8 பாகை. எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டியோ தென்னையோ அதை மறைத்துவிடும். குளிர்நாடுகளை மனத்திற்கொண்டு செய்யப்பட்ட தாங்கிகளை இவ்வளவு தாழ்த்தினால், எதிர் எடையின் தண்டு முக்காலியின் காலில் இடிப்பதும் உண்டு. வாங்குமுன் அது எத்தனை பாகை வரை தாழும் என்று கேட்டறிவது நன்று. துருவ விண்மீன் தெரியாத மாடியில், வானின் பிற பகுதிகளைப் படம்பிடித்து அச்சைச் சீராக்கும் மென்பொருள்கள் உதவும். மின்தடைக்கு மின்கலமும், திடீர் மழைக்கு மூடுவதற்கு ஓர் ஆளும் வேண்டும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கருவியை உள்ளே வைத்துவிடுவதே அறிவுடைமை; தை பிறந்தபின் வானம் தெளியும்.

இழப்புக்கு ஈடான பேறும் உண்டு. காமன் தம் வீட்டிலிருந்து ஒருநாளும் காணவியலாத ஒமேகா சென்டாரி விண்மீன் கொத்தும், ஈட்டா கரீனா ஒண்முகிலும், தென்சிலுவையும் நம் தென்வானில் எழுகின்றன. நகர விளக்கொளியை வடிகட்டி, ஹைட்ரஜனின் 656.3 நானோமீட்டர் ஒளியையும் ஆக்சிஜனின் 500.7 நானோமீட்டர் ஒளியையும் மட்டும் விடும் வடிகட்டிகளால் சென்னை மாடியிலிருந்தும் ஒண்முகில்களைப் பதியலாம்.

எஞ்சுவது யாது?

கண்ணும் கையும் உடலும் விலகியபின் மனிதருக்கு அங்கே என்ன வேலை? இக்கேள்வியைப் புறந்தள்ள இயலாது. பொத்தானை அழுத்தினால் ஓரியன் வருகிறது, முதல் வாரம் வியக்கிறோம், நண்பர்களுக்கு அனுப்புகிறோம், மூன்றாம் மாதம் கருவி பரணில் ஏறுகிறது. இது நிகழக்கூடியதே.

விடையை வரலாற்றிலிருந்தே பெறலாம். 2016 செப்டம்பரில் அர்ஜென்டினாவின் ரொசாரியோ நகரில் விக்டர் புசோ என்ற பூட்டுத் தொழிலாளி, தம் வீட்டு மாடியிலிருந்த 40 செ.மீ. தொலைநோக்கியில் புதிய காமிரா ஒன்றைச் சோதித்துக்கொண்டிருந்தார். ஒரே அண்டத்தை மீண்டும் மீண்டும் பதிந்த அவர், படங்களுக்கிடையே புதிதாக ஓர் ஒளிப்புள்ளி தோன்றி வளர்வதைக் கண்டார். விண்மீன் ஒன்று வெடிக்கத் தொடங்கிய முதற்கணங்கள் அவை. 2018இல் நேச்சர் இதழில் வெளியான ஆய்வுரையில் அவரும் ஓர் ஆசிரியர். கருவி பதிந்ததென்னவோ உண்மை. முந்தைய படத்தோடு ஒப்பிட்டுக் கவனித்தது மனிதர்.

ராபர்ட்ஸ் படம்பிடித்த அதே ஆண்ட்ரோமீடாவின் அருகே, எவரும் அறியாத மாபெரும் ஆக்சிஜன் வில் ஒன்று இருப்பதை 2022இல் ஆர்வலர் குழுவொன்று கண்டறிந்தது. அவர்கள் பயன்படுத்தியது வெறும் 106 மி.மீ. தொலைநோக்கி. ராபர்ட்ஸ் ஒளியைச் சேர்த்தது ஏறத்தாழ 4 மணிநேரம். இவர்கள் நூறு மணிநேரத்துக்கும் மேல். மிகுதியாகப் படம்பிடிக்கப்பட்ட வான்பொருள்களுள் ஒன்றின் அருகிலேயே புதியதொன்று காத்திருந்திருக்கிறது.

இனி நுங்கம்பாக்கத்துக்குத் திரும்புவோம். அங்கு உதவியாளராகப் பணிபுரிந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி, 1867இல் ரெட்டிகுலம் குழுவில் ஒளிமாறும் விண்மீன் ஒன்றைக் கண்டுபிடித்தார். 1874இல் வெள்ளி சூரியனைக் கடந்தபோது, அந்நிகழ்வை எளிய மக்களுக்கு விளக்க ஆங்கிலத்திலும் இந்திய மொழிகள் சிலவற்றிலும் கையேடு வெளிவரச் செய்தார். வானைக் காண்பதோடு நில்லாமல், கண்டதை நம்மவர் மொழியில் சொல்வதும் தம் கடமை என அவர் கொண்டார்.

இன்று மாடியில் கருவி வைப்போரின் கையேடுகள், மென்பொருள்கள், குறிப்பேடுகள் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே உள்ளன. ஒவ்வோர் இரவும் எதைப் பதிந்தோம், வானம் எவ்வாறிருந்தது, சென்ற மாதப் படத்துக்கும் இதற்கும் வேறுபாடு என்ன என்று நான்கு வரி தமிழில் எழுதிவைத்தால், சில ஆண்டுகளில் அது ஓர் ஆவணமாகும். விளக்குகள் பெருகி நம் நகர வானம் எத்துணை விரைவில் வெளிறுகிறது என்பதற்கும் அதுவே சான்றாகும். கருவி எவர் தொடாமலும் இயங்கட்டும். குறிப்பேட்டை மட்டும் நாம் எழுதுவோம்.