பிறதுறை மாணவர்களும் பேச்சு மொழி நோயியல் பட்டமேற்படிப்பும்

பேச்சு மொழி நோயியல் என்பது பேச்சு, மொழி, குரல், விழுங்குதல் ஆகியவற்றில் ஏற்படும் குறைபாடுகளைக் கண்டறிந்து, மதிப்பிட்டு, பயிற்சியின் மூலம் சீர்செய்ய உதவும் துறை ஆகும். திக்குவாய், பக்கவாதத்திற்குப் பின் வரும் பேச்சிழப்பு, பிளவுபட்ட அண்ணத்தால் வரும் ஒலிப்புக் குறை, குழந்தைகளின் மொழி வளர்ச்சித் தாமதம், விழுங்கும் சிரமம் போன்றவை இத்துறையின் எல்லைக்குள் அடங்கும். மொழியியல், உளவியல், இயற்பியல், கல்வியியல், தமிழ் இலக்கியம் முதலிய துறைகளில் பட்டம் பெற்ற பின் இத்துறைக்கு வர விரும்புவோர் பலர் உள்ளனர். அவர்களுக்குரிய வழி நாட்டுக்கு நாடு பெரிதும் வேறுபடுகிறது.

இந்தியாவில் கல்வி முறை

1965 இல் மைசூரில் தொடங்கப்பட்ட நிறுவனமே இன்று அகில இந்தியப் பேச்சு மற்றும் செவித்திறன் நிறுவனம் என அறியப்படுகிறது. இத்துறையில் நாட்டின் முதன்மையான கல்வி, ஆய்வு நிறுவனங்களுள் இது ஒன்றாகும். தமிழ்நாட்டில் சென்னை மருத்துவக் கல்லூரி, போரூரில் உள்ள ஸ்ரீ இராமச்சந்திரா உயர்கல்வி நிறுவனம் ஆகியவற்றிலும் இத்துறை கற்பிக்கப்படுகிறது.

இந்தியாவில் அடிப்படைத் தகுதி செவியியல் மற்றும் பேச்சு மொழி நோயியல் இளநிலைப் பட்டம் ஆகும். ஆங்கில முதலெழுத்துகளால் இது பி.ஏ.எஸ்.எல்.பி. எனப்படுகிறது. ஓராண்டு உள்ளுறைப் பயிற்சியுடன் சேர்த்து இதன் காலம் 4 ஆண்டுகள். இதனை முடித்தவர்களே 2 ஆண்டு முதுநிலைப் பட்டப்படிப்பில் சேர இயலும். வேறு துறையில் இளநிலை அல்லது முதுநிலைப் பட்டம் பெற்றவர், அப்பட்டத்தைக் கொண்டு நேரடியாக முதுநிலையில் சேர முடியாது. அவர் மேல்நிலைப் பள்ளித் தகுதியின் அடிப்படையில் இளநிலையிலிருந்தே தொடங்க வேண்டும். மூன்றாண்டுப் பட்டம் ஒன்றை ஏற்கனவே பெற்றவருக்கு மொத்தக் கல்லூரிக் காலம் 3 + 4 + 2 என 9 ஆண்டுகள் ஆகிவிடும். சில நிறுவனங்கள் சேர்க்கைக்கு வயது வரம்பும் விதிக்கின்றன.

இளநிலையில் சேர மேல்நிலை வகுப்பில் இயற்பியல், வேதியியல் ஆகியவற்றுடன் உயிரியல் போன்ற மற்றொரு அறிவியல் பாடமும் படித்திருத்தல் வேண்டும். தமிழ்நாட்டு அரசுக் கல்லூரி இடங்கள் மருத்துவம் சார்ந்த பட்டப்படிப்புகளுக்கான கலந்தாய்வின் வழியே நிரப்பப்படுகின்றன.

சட்டப் பின்னணி

இந்திய மறுவாழ்வுக் குழுமச் சட்டம் 1992 இல் இயற்றப்பட்டது. பேச்சுப் பயிற்சியாளர்களும் செவியியலாளர்களும் மத்திய மறுவாழ்வுப் பதிவேட்டில் பெயரைப் பதிவு செய்த பின்னரே தொழில் செய்யலாம். பதிவின்றித் தொழில் செய்வோருக்கு ஓராண்டு வரை சிறைத்தண்டனையோ, 1000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்க இச்சட்டத்தில் இடமுண்டு. எனவே குறுகிய காலச் சான்றிதழ் வகுப்பு ஒன்றை முடித்துவிட்டு "பேச்சுப் பயிற்சியாளர்" எனப் பலகை வைத்துக்கொள்வது சட்டத்திற்குப் புறம்பானது. கட்டணம் செலுத்துமுன் படிப்பு இக்குழுமத்தின் ஏற்புப் பெற்றதா என்பதை மாணவர் உறுதி செய்துகொள்ளுதல் வேண்டும்.

வெளிநாடுகளில் உள்ள வழிகள்

ஐக்கிய அமெரிக்கா, ஐக்கிய இராச்சியம், ஆசுத்திரேலியா ஆகிய நாடுகளில் பிறதுறைப் பட்டதாரிகள் முதுநிலைப் படிப்பின் வழியாகவே இத்தொழிலில் நுழைய முடியும்.

ஐக்கிய அமெரிக்கா: இங்கு தொழிலுக்கான நுழைவுத் தகுதி முதுநிலைப் பட்டம் ஆகும். அமெரிக்கப் பேச்சு மொழி செவித்திறன் சங்கத்தின் சான்றிதழ் பெற உயிரியல், இயற்பியல் அல்லது வேதியியல், புள்ளியியல், சமூக அல்லது நடத்தை அறிவியல் ஆகியவற்றில் பாடங்கள் முடித்திருக்க வேண்டும். இவற்றோடு ஒலிப்பியல், பேச்சு உறுப்புகளின் உடற்கூற்றியல், மொழி வளர்ச்சி, செவியியல் அறிமுகம் போன்ற முன்தேவைப் பாடங்களைப் பல்கலைக்கழகங்கள் கேட்கின்றன. மருத்துவப் பயிற்சி மொத்தம் 400 மணி நேரம்; இதில் 25 மணி நேரம் வழிகாட்டலுடன் கூடிய கவனிப்பு, 375 மணி நேரம் நேரடிப் பயிற்சி. பட்டத்திற்குப் பின் தேசியத் தேர்வும், 36 வாரங்களுக்குக் குறையாத மேற்பார்வைப் பணிக்காலமும் உண்டு. இந்தியாவின் மூன்றாண்டுப் பட்டத்தைச் சில பல்கலைக்கழகங்கள் நான்காண்டுப் பட்டத்திற்கு நிகராக ஏற்பதில்லை.

ஐக்கிய இராச்சியம்: பிறதுறைப் பட்டதாரிகளுக்கென 2 ஆண்டு முதுநிலைப் படிப்புகள் உள்ளன. இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி இவற்றை வழங்கும் நிறுவனங்களுள் ஒன்று. தொழில் செய்ய நலவாழ்வு மற்றும் பராமரிப்புத் தொழில்கள் மன்றத்தில் பதிவு பெறுதல் வேண்டும். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதோர் ஐ.இ.எல்.டி.எஸ். தேர்வின் வழி விண்ணப்பித்தால், பிற நலவாழ்வுத் தொழில்களுக்கு 7.0 போதுமாயிருக்க, இத்தொழிலுக்கு மட்டும் 8.0 கோரப்படுகிறது. மொழியே இங்கு மருந்தும் கருவியும் ஆவதே இதற்குக் காரணம்.

ஆசுத்திரேலியா: சிட்னிப் பல்கலைக்கழகம் முதலியவற்றில் 2 ஆண்டு முதுநிலைப் படிப்பு உண்டு. படிப்புகளுக்கு ஆசுத்திரேலியப் பேச்சு நோயியல் சங்கம் ஏற்பு வழங்குகிறது.

இலங்கையில் களனிப் பல்கலைக்கழகத்தின் மருத்துவ பீடம் இராகமையில் இளநிலைப் பட்டமாக இதனைக் கற்பிக்கிறது.

வெளிநாட்டில் முதுநிலை முடித்துத் தாயகம் திரும்ப எண்ணுவோர், பி.ஏ.எஸ்.எல்.பி. இன்றிப் பெற்ற அப்பட்டம் இந்தியப் பதிவேட்டில் ஏற்கப்படுமா என்பதை இந்திய மறுவாழ்வுக் குழுமத்திடம் எழுத்து மூலம் முன்னரே கேட்டறிதல் நன்று. கல்விக் கடன் பெற்றபின் கேட்பது காலம் கடந்த செயலாகிவிடும்.

முன்தயாரிப்பு

பாட அறிவு: ஒலிப்பியல், தலை மற்றும் கழுத்தின் உடற்கூற்றியல், நரம்பியல் அடிப்படை, குழந்தை மொழி வளர்ச்சி, ஒலி இயற்பியல், புள்ளியியல் ஆகியன முதன்மையானவை. இயற்பியல் பட்டதாரிக்கு ஒலியியலும், உளவியல் பட்டதாரிக்குப் புள்ளியியலும், மொழியியல் பட்டதாரிக்கு ஒலிப்பியலும் ஏற்கனவே அறிமுகமானவை. உடற்கூற்றியலே பெரும்பாலோருக்குப் புதியது.

மொழி நோக்கு: தமிழில் பணியாற்ற விரும்புவோர் தமிழ் ஒலிகளைக் கேட்டுப் பகுத்தறியப் பழகுதல் வேண்டும். ககரம் சொல்லின் முதலில் ஒருவாறும், மெல்லினத்தின் பின் வேறொருவாறும், உயிர்களின் இடையே மற்றொருவாறும் ஒலிக்கிறது. "பழம்" என்பதை ஒரு குழந்தை "பளம்" என்றோ "பயம்" என்றோ சொல்லுமானால், அது குறைபாடா அல்லது வட்டார வழக்கா என்பதை முதலில் பிரித்தறிய வேண்டும். வீட்டில் பெரியவர்களும் அவ்வாறே பேசுவார்களாயின் அது நோய் அன்று. எழுத்து வழக்கும் பேச்சு வழக்கும் வேறுபட்டு நிற்கும் தமிழில், எழுத்து வழக்கை மட்டும் அளவுகோலாகக் கொண்டால் நலமுள்ள குழந்தையும் குறையுள்ளதாகத் தோன்றக் கூடும். தமிழ் இலக்கியம் பயின்ற மாணவருக்கு இத்தகைய இடங்களில் தம் முந்தைய கல்வி பெரிதும் துணை செய்யும்.

கள அனுபவம்: சிறப்புப் பள்ளிகள், மருத்துவமனைகளின் காது மூக்கு தொண்டைப் பிரிவுகள், மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையங்கள் ஆகியவற்றில் அனுமதி பெற்றுப் பயிற்சியைக் கவனிக்கலாம். நோயாளியின் பெயரையும் விவரங்களையும் வெளியிடாமை இன்றியமையாதது. கவனித்த மணி நேரத்தைக் குறித்துப் பொறுப்பாளரின் கையொப்பம் பெற்று வைத்தல் விண்ணப்பத்திற்குப் பயன்படும்.

எடுத்துக்காட்டு: விருத்தாசலம்

கடலூர் மாவட்டத்தில் உள்ள விருத்தாசலம் பீங்கான் தொழிலுக்குப் பெயர் பெற்ற நகரம் ஆகும். இங்கு பீங்கான் தொழில்நுட்பப் பட்டயப் படிப்பை வழங்கும் அரசு நிறுவனமும், திரு கொளஞ்சியப்பர் அரசு கலைக் கல்லூரியும் உள்ளன. இவ்விரு வகை மாணவர்களின் நிலையும் ஒன்றன்று.

கலைக் கல்லூரியில் இளநிலைப் பட்டம் பெற்றவர் வெளிநாட்டு முதுநிலைக்கு விண்ணப்பிக்கலாம். மேல்நிலையில் அறிவியல் படித்திருந்தால் இந்தியாவில் இளநிலையில் மீண்டும் சேரவும் முயலலாம். பத்தாம் வகுப்பிற்குப் பின் நேராகப் பட்டயப் படிப்பில் சேர்ந்தவருக்கோ பட்டமும் இல்லை, மேல்நிலை அறிவியல் பாடங்களும் இல்லை. அவர் தேசியத் திறந்தநிலைப் பள்ளி போன்றவற்றின் வழி மேல்நிலைத் தகுதியைப் பெற வேண்டியிருக்கும். அத்தகுதியைச் சேர விரும்பும் நிறுவனம் ஏற்குமா என்பதையும் முன்கூட்டியே அறிதல் வேண்டும்.

எனினும் பீங்கான் தொழிலை அறிந்தவருக்கு ஒரு தனி வாய்ப்பும் உண்டு. மண்ணும் கல்லும் அரைக்கும் ஆலைகளின் இடையறாத இரைச்சல் நெடுங்காலத்தில் செவித்திறனைக் குறைக்கக் கூடியது. சிலிக்கா தூசு நுரையீரலைத் தாக்கும். மூச்சு குறைந்தால் குரலும் தளரும். தொழிற்கூடத்தை உள்ளிருந்து அறிந்த மாணவர், தொழிலாளரின் செவி, குரல் நலத்தைப் பற்றிய ஆய்வுக்கு ஏற்றவராவார்.

தமிழகத்தில் தேவை

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின் கீழ் சிறு குழந்தைகளுக்குச் செவி நத்தை உள்வைப்பு அறுவை செய்யப்படுகிறது. அறுவையால் மட்டும் குழந்தை பேசிவிடுவதில்லை. அதன்பின் நெடுநாள் கேட்டல், பேச்சுப் பயிற்சி தேவை. பயிற்சி நிலையங்கள் பெருநகரங்களிலேயே மிகுந்திருப்பதால், சிறு நகரங்களின் பெற்றோர் வாரந்தோறும் பயணம் செய்ய நேர்கிறது. பயணச் செலவாலும் கூலி இழப்பாலும் பயிற்சி இடையில் நின்றுவிட்டால், மொழி கற்பதற்குரிய இளமைக் காலம் வீணாகிறது. சிறு நகரங்களிலிருந்து இத்துறைக்கு வருவோரின் தேவை இதனால் உணரப்படுகிறது.

முதுநிலைக்குச் செல்ல இயலாதவர்கள் அருகிலுள்ள பிற பணிகளையும் கருதலாம். செவிக்குறையுடைய மாணவர்களுக்கான சிறப்புக் கல்வியில் கல்வியியல் இளநிலைப் பட்டம் பிறதுறைப் பட்டதாரிகளுக்கும் திறந்துள்ளது. இதன் காலம் 2 ஆண்டுகள். ஆயினும் இது ஆசிரியத் தகுதியே. பேச்சு மொழி நோயியலாளர் தகுதி ஆகாது.

இவற்றையும் பார்க்கவும்

செவியியல்
ஒலிப்பியல்
திக்குவாய்
விருத்தாசலம்