ஆசனம் மறுத்தோரும் ஏற்றோரும்

தேர்தலில் வென்ற ஆசனத்தில் அமர மறுப்பது வலிமையா, வறுமையா? அயர்லாந்தின் வரலாறு இவ்வினாவிற்கு இரு விடைகளைத் தருகின்றது.

ஹங்கேரியர் வியன்னா மன்றத்தைப் புறக்கணித்தே தம் உரிமையை மீட்டனர் என 1904ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டியவர் ஆதர் கிரிபித். 1918 டிசெம்பர்த் தேர்தலில் அயர்லாந்தின் 105 ஆசனங்களுள் 73 ஆசனங்களை வென்ற சின் பெயின் கட்சியினர், இலண்டன் பாராளுமன்றத்திற்குச் செல்லாது, 1919 ஜனவரி 21இல் டப்ளின் நகரில் 'டொயில்' எனும் தமது மன்றத்தைக் கூட்டினர். மறுப்பு ஆக்கமாயிற்று.

1922இன் பின் நிலைமை மாறியது. டொயில் சுதந்திர அரசின் மன்றமாயிற்று. அதில் அமர்வோர் பிரித்தானிய மன்னருக்கு விசுவாசப் பிரமாணஞ் செய்தல் வேண்டும். குடியரசுவாதிகள் அதற்கு இசையாது வெளியே நின்றனர்; ஆயின் பெரும்பான்மை மக்கள் ஏற்கும் வேறொரு மன்றம் அவர்களுக்கு வாய்க்கவில்லை. இதனை உணர்ந்த டி வலேரா 1926இல் சின் பெயினை விட்டு விலகி, பியனா பொயில் கட்சியைத் தொடங்கினார். 1927 ஆகஸ்ட் மாதம், பிரமாணம் வெறுஞ் சடங்கே எனக் கூறிக் கையொப்பமிட்டு மன்றத்துட் புகுந்தார், 1932இல் ஆட்சியேற்றார், 1933இல் அப்பிரமாணத்தையே நீக்கினார். எதன்பொருட்டு வெளியே நின்றனரோ, அது உள்ளே சென்றபின்னரே ஒழிந்தது.

சின் பெயினும் 1986இல் டப்ளின் மன்றத்தில் அமர இசைந்தது. இலண்டன் ஆசனங்களையோ, 2024இல் ஏழினை வென்றும், ஏற்கவில்லை.

மறுப்போர் தமக்கென ஓர் அவையை அமைக்க வல்லராயின், மறுப்பு ஒரு படைக்கலம். அன்றேல், அவர் விட்ட இடத்தில் அமர்ந்து பிறர் சட்டம் இயற்றுவர்.