சாலையும் எல்லைக்கோடும்

திருவனந்தபுரம் கிழக்குக்கோட்டைக்கு எதிரே தொடங்கிக் கிள்ளிப்பாலம் நோக்கிச் செல்லும் கடைவீதியைச் 'சாலை' என்றே வழங்குவர். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் திருவிதாங்கூரின் திவானாக விளங்கிய ராஜா கேசவதாஸ் நிறுவிய சந்தை இது. தமிழ் வணிகர் பலர் இங்குக் குடியேறினர். தமிழில் பேரம் பேசிப் பொருள் கொள்வது இன்றும் இங்குப் புதுமையன்று.

அந்நாளில் திருவிதாங்கூரின் நெற்களஞ்சியம் நாஞ்சில் நாடு. களஞ்சியமும் தலைநகரும் ஓர் அரசின்கீழ் இருந்தன. 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. தமிழர் வேண்டிப் பெற்ற இணைப்பு அது. அதற்காக உயிர் நீத்தோரும் உண்டு. ஆயினும் நெல் ஒரு மாநிலத்திலும், அதை உண்டு பழகியோர் மற்றொரு மாநிலத்திலுமாகப் பிரிந்தனர்.

1957இல் தென்மாநிலங்கள் நான்கும் ஒரே உணவு மண்டலமாக்கப்பட்டமையால் இப்பிரிவு அடுப்பங்கரையை எட்டவில்லை. 1964இல் அம்மண்டலம் கலைந்தது. தனிவணிகர் அரிசியை விருப்பம்போல் எல்லை கடத்திக் கொணர இயலாதாயிற்று. அவ்வாண்டே கேரளத்தில் பங்கீட்டுமுறை வந்தது. இல்லத்தரசி பங்கீட்டு அட்டையுடன் வரிசையில் நின்றாள். தோவாளைப் பூவுக்கு மட்டும் எவரும் மண்டலம் வகுக்கவில்லை!

சுமைதூக்கும் தொழிலாளியின் நிலையோ வேறு. மூட்டைக் கணக்கில் கூலி பெறுபவனுக்கு மூட்டை வாராத நாள் கூலியற்ற நாளே. பங்கீட்டு அட்டை அரிசியைத் தரும். அதை வாங்கும் காசைத் தாராது. அவன் கூலியையும் நலனையும் காக்கும் சுமைத்தொழிலாளர் சட்டத்தைக் கேரளம் 1978இல்தான் இயற்றியது.