பாலத் தடுப்பு வேலிகள்

பாலங்களில் தற்கொலையைத் தடுக்க அமைக்கப்படும் உயர்ந்த கம்பி வேலி, கண்ணாடிச் சுவர், பக்கவாட்டில் விரிக்கும் வலை ஆகியவை இத்தலைப்பில் அடங்கும். கைப்பிடிச் சுவர் இவற்றில் சேராது. அது கால் இடறியவரைக் காக்க மட்டுமே.

கன்னியாகுமரி மாவட்டத்துப் பாலங்களில் புகழ்பெற்றது மாத்தூர் தொட்டிப்பாலம். காமராசர் காலத்தில் திட்டமிடப்பட்டு 1966-இல் முடிந்தது. பட்டணங்கால் கால்வாயின் நீரைப் பரளியாற்றுக்கு மேலே ஒரு குன்றிலிருந்து மறு குன்றுக்குக் கடத்துகிறது. தூண்கள் 28, தொட்டியின் ஆழம் 7 அடி, அகலம் ஏழரை அடி. விளவங்கோடு, கல்குளம் வட்டாரங்களின் பாசனத்துக்காக எழுந்தது இது. தண்ணீருக்குக் கட்டிய பாலம். ஆட்கள் நடந்து கடப்பது கூடவே கிடைத்த வசதி.

'இங்கே தடுத்தால் வேறிடம் தேடிப் போவார்கள்' என்பது வேலிக்கு எதிரான பழைய வாதம். அது நிற்கவில்லை. சான்பிரான்சிஸ்கோவின் கோல்டன் கேட் பாலத்தில் 1937 முதல் 1971 வரை தடுத்து மீட்கப்பட்ட 515 பேரை ரிச்சர்ட் சைடன் தொடர்ந்து ஆராய்ந்தார். 1978-இல் வெளியான அவர் முடிவுப்படி ஏறத்தாழ 94 விழுக்காட்டினர் உயிரோடு இருந்தனர் அல்லது இயற்கையாக இறந்திருந்தனர். தற்கொலை எண்ணத்தின் வேகம் சிறிது நேரத்தில் தணிந்துவிடுவதே காரணம். வேலி அந்த நேரத்தை வாங்கித் தருகிறது. ஆக்லாந்தின் கிராஃப்டன் பாலத்தில் இருந்த தடுப்புகளை 1996-இல் அகற்றினார்கள், இறப்புகள் கூடின. 2003-இல் மீண்டும் தடுப்பு வைத்ததும் நின்றன. கோல்டன் கேட்டிலோ, அழகு கெடும், செலவு கூடும் என்று பல்லாண்டு இழுத்தடித்து, துருப்பிடிக்காத எஃகு வலையை 2024 தொடக்கத்தில்தான் முடித்தார்கள்.

இந்தியாவில் குறிப்பிடத்தக்கது மங்களூரு–உள்ளால் இடையிலான நேத்திராவதிப் பாலம். 2019-இல் தொழிலதிபர் ஒருவரின் மரணம் பெரும் செய்தியான பிறகு, 2020-இல் இருபுறமும் இரும்புக் கம்பிவலையும் கண்காணிப்புக் கேமராக்களும் பொருத்தப்பட்டன. 2022-இல் நடுவண் அரசு தேசியத் தற்கொலைத் தடுப்பு உத்தியை வெளியிட்டது.

குமரி மாவட்டப் பாலங்களில் இன்றும் பொதுவாகக் காணப்படுவது கைப்பிடிச் சுவரே. மன உளைச்சலில் இருப்போரும் அவர்தம் வீட்டாரும் 104, 14416 (டெலி மானஸ்) ஆகிய எண்களில் எந்நேரமும் பேசலாம்.