பச்சிளங் குழந்தைக்குப் பரிசு: ஒரு வரலாற்றுப் பார்வை

 

உறவினர் இல்லத்தில் குழந்தை பிறந்தது என்ற நற்செய்தி கிடைத்ததும் நம் வீடுகளில் எழும் முதல் வினா, "என்ன கொண்டு போவது?" என்பதே. பிள்ளை பார்க்க வெறுங்கையுடன் போகலாகாது என்பது நம் பெரியோர் வழக்கு. மோதிரமா, கொலுசா, உடுப்பா, தொட்டிலா, ரொக்கமா எனப் பெரியவர்கள் கூடி ஆலோசிப்பர். அந்த ஆலோசனை பெரும்பாலும் நம் கையிருப்பைப் பற்றியும், அவர்கள் முன்பு நமக்குச் செய்ததைப் பற்றியும் அமைகிறதேயன்றி, குழந்தையைப் பற்றி அமைவதில்லை. பிறந்த குழந்தைக்கு மனிதர் எதைக் கொடுத்தனர், ஏன் கொடுத்தனர் என்பதை வரலாற்றில் சற்றே பின்னோக்கிப் பார்ப்பின், இவ்வினாவுக்குத் தெளிவான விடை கிடைக்கும்.

காப்பும் கிலுகிலுப்பையும்

சிந்துவெளி அகழாய்வுகளில் சுடுமண்ணாலான கிலுகிலுப்பைகளும் சிறு வண்டிகளும் கிடைத்துள்ளன. நாலாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே குழந்தைக்கென்று பொருள் செய்து கொடுத்தவர்கள் இந்நாட்டில் வாழ்ந்தனர் என்பதற்கு அவை சான்று.

தமிழகத்தில் பிள்ளைக்கு அணிவிக்கப்பட்ட பழைமையான அணி ஐம்படைத்தாலி. சங்கு, சக்கரம், வில், வாள், தண்டு ஆகிய ஐந்து படைக்கலங்களின் சிறு உருவங்களைக் கோத்த அணி அது. திருமாலின் படைக்கலங்கள் பிள்ளையைக் காக்கும் என்ற நம்பிக்கையில் அக்காலத்தவர் அதனை அணிவித்தனர். சிறார் அணியும் தாலி சங்க இலக்கியத்திலேயே பேசப்படுகிறது. மக்கட்பேறு நிலையற்றிருந்த காலத்தில், குழந்தை பிழைக்க வேண்டுமே என்ற அச்சமே அந்தப் பரிசின் உள்ளே இருந்தது. இன்று நாம் கொடுக்கும் வெள்ளி அரைஞாணும் கைக்காப்பும் தண்டையும் அந்த அச்சத்தை மறந்துபோன நினைவுச் சின்னங்களே. "காப்பு" என்ற சொல்லே அதனைச் சொல்லிவிடுகிறது.

இன்றைய அரியலூர் மாவட்டத்தில் உள்ள கங்கைகொண்ட சோழபுரம் ஏறத்தாழ 250 ஆண்டுகள் சோழப் பேரரசின் தலைநகராக விளங்கியது. 12ஆம் நூற்றாண்டில் ஆண்ட இரண்டாம் குலோத்துங்கன் மீது ஒட்டக்கூத்தர் பாடியதே முதல் முழுமையான பிள்ளைத்தமிழ் நூலாகக் கருதப்படுகிறது. பிற்காலத்தில் இஸ்லாமியத் தமிழ்ப் புலவர்களும் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் மீதும் இறைநேசர்கள் மீதும் பிள்ளைத்தமிழ் பாடினர். இவ்விலக்கிய வகையின் பருவங்களில் ஆண் பிள்ளைக்குச் சிறுபறையும் சிறுதேரும் வருகின்றன. பெண் பிள்ளைக்குக் கழங்கும் அம்மானையும் ஊசலும் வருகின்றன. விளையாட்டுப் பொருள் வேறுபடலாம். ஆனால் இரு பிள்ளைகளையும் சீராட்டுவதற்குப் பத்துப் பருவங்களே வகுக்கப்பட்டன என்பதைக் கவனிக்க வேண்டும்.

முடியின் எடைக்கு வெள்ளி

இஸ்லாத்துக்கு முந்திய அரபு நாட்டில் பெண் குழந்தையை உயிருடன் புதைக்கும் கொடுமை சில குலங்களில் நிலவியது. அக்கொடுமையைத் திருக்குர்ஆன் வன்மையாகக் கண்டித்தது. அது மட்டுமன்று, பெண் பிறந்த செய்தி கேட்டு முகம் கறுத்துப்போகும் தந்தையின் மனநிலையையும் அது இடித்துரைத்தது. ஆக, சீர்திருத்தம் புதைகுழியில் தொடங்கவில்லை. செய்தி கேட்ட கணத்தில் முகம் காட்டும் குறிப்பிலேயே தொடங்கியது.

ஏழாம் நாளில் பெயரிட்டு, முடி களைந்து, அகீகா கொடுப்பது நாம் அறிந்த நடைமுறை. அன்னை ஃபாத்திமா (ரலி) அவர்கள் தம் மக்களின் முடியை நிறுத்து, அதன் எடைக்கு வெள்ளியை ஏழைகளுக்குத் தர்மம் செய்தார்கள். இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முவத்தா இச்செய்தியைக் கூறும்போது ஹஸன், ஹுஸைன் (ரலி) ஆகியோருடன் ஸைனப், உம்மு குல்ஸூம் (ரலி) ஆகிய பெண் மக்களின் பெயர்களையும் சேர்த்தே கூறுகிறது. அகீகாவின் ஆட்டுக் கணக்கில் ஆணுக்கு இரண்டு, பெண்ணுக்கு ஒன்று என்ற கருத்தும், இருவருக்கும் ஒவ்வொன்று என்ற கருத்தும் அறிஞர்களிடையே உண்டு. ஆனால் முடியின் எடைக்கு வெள்ளி என்னும்போது தராசு ஒன்றே. குழந்தையின் பெயரால் முதலில் பயன் பெற்றவர் அண்டையில் இருந்த ஏழை என்பதும் இதில் அடங்கிய நுட்பம்.

இரவில் கேட்ட அழுகுரல்

பிறந்த குழந்தைக்கு அரசே பரிசளித்த வரலாறும் நம்மிடம் உண்டு. இரண்டாம் கலீஃபா உமர் (ரலி) அவர்கள் பைத்துல்மாலிலிருந்து மக்களுக்கு உதவித்தொகை வழங்கும் பதிவேட்டை ஏற்படுத்தினார்கள். தொடக்கத்தில் பால்குடி மறந்த குழந்தைகளுக்கு மட்டுமே தொகை உண்டு என்பது விதி.

ஓர் இரவு மதீனாவுக்கு வெளியே வணிகக் கூட்டமொன்று வந்து தங்கியது. அவர்களுக்குக் காவலாகக் கலீஃபாவும் அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) அவர்களும் விழித்திருந்தனர். ஒரு குழந்தை மீண்டும் மீண்டும் அழுதது. தாயிடம் காரணம் கேட்டபோது, உமர் பால்குடி மறந்த பிள்ளைக்கே தொகை தருகிறார்; ஆதலின் முன்கூட்டியே பால் மறக்கடிக்கிறேன் என்று, கேட்பவர் யாரெனத் தெரியாமல் அவர் கூறினார். அன்று ஃபஜ்ரு தொழுகையில் கலீஃபா ஓதியது அழுகையினால் மக்களுக்குத் தெளிவாகக் கேட்கவில்லை. தொழுகை முடிந்ததும், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் பிறந்த நாளிலிருந்தே உதவித்தொகை உண்டு என அறிவிக்கச் செய்து, அதையே எங்கும் எழுதி அனுப்பினார்கள். வரலாற்றாசிரியர் இப்னு ஸஅது இதனைப் பதிவு செய்துள்ளார். பிறந்த குழந்தைக்கு 100 திர்ஹம் என்று தொகை அமைந்தது. கைவிடப்பட்டுக் கண்டெடுக்கப்பட்ட குழந்தைக்கும் பைத்துல்மாலிலிருந்தே பராமரிப்புச் செலவு வழங்கப்பட்டது.

நல்ல எண்ணத்துடன் கொடுக்கும் கொடையும் கொடுக்கும் முறை பிழையானால் குழந்தையின் வாயிலிருந்து பாலைப் பறித்துவிடும் என்பதே இந்நிகழ்ச்சி கற்பிக்கும் பாடம். பால்மாவு டின்னும் புட்டியும் பரிசாக வழங்கப்பட்ட காலத்தை நம்மில் பலர் கண்டிருக்கிறோம். அதனால் தாய்ப்பால் குறைவதைக் கண்ட உலக சுகாதார நிறுவனம் 1981இல் பால்மாவு விற்பனைக்கு நெறிமுறை வகுத்தது. இந்தியாவில் 1992இல் இயற்றப்பட்ட சட்டம் பால்மாவு, புட்டி ஆகியவற்றின் விளம்பரத்தையும், விற்பனையைப் பெருக்க அவற்றை இலவசமாக வழங்குவதையும் தடை செய்தது. உறவினர் அன்பாகக் கொண்டு செல்வதைச் சட்டம் தடுக்கவில்லை. எனினும் சட்டம் பிறந்த காரணம் நமக்கும் பொருந்தும்.

நம் மாவட்டங்களின் கதை

1992இல் தமிழக அரசு சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்கியது. பெண் சிசுக்கொலையைத் தடுப்பதற்காக, வளர்க்க விரும்பாத குழந்தையை அரசின் தொட்டிலில் விட்டுச் செல்லலாம் என்பது அதன் ஏற்பாடு. 2001இல் அது மதுரை, தேனி, திண்டுக்கல், தருமபுரி மாவட்டங்களுக்கு விரிந்தது. 2011இல் கடலூர், விழுப்புரம், திருவண்ணாமலை ஆகியவற்றுடன் நம் பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களுக்கும் அத்தொட்டில் வந்து சேர்ந்தது.

ஏன் வந்தது? இயல்பாக 1,000 ஆண் குழந்தைகளுக்கு ஏறத்தாழ 950 பெண் குழந்தைகள் பிறப்பர். 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஆறு வயதுக்குட்பட்டோரில் தமிழகத்தின் விகிதம் 943. பெரம்பலூரில் அது ஏறத்தாழ 913. அரியலூரிலோ 900-க்கும் கீழே இறங்கிவிட்டது. கருவில் இருப்பது ஆணா பெண்ணா எனக் கண்டறிந்து கூறுவதை 1994ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கிய பின்னரும் இந்த நிலை. இது மாவட்டத்தின் எல்லா மக்களையும் சேர்த்த கணக்கு. நாமும் அம்மாவட்டத்து மக்களே.

தொட்டில் என்பது தாய்வீட்டார் மகிழ்வுடன் கொண்டுவரும் சீர்ப்பொருள். அந்தத் தொட்டிலையே அரசு வாங்கி வைத்துக் காத்திருக்க நேர்ந்தது நம் மண்ணுக்கு நேர்ந்த துயரம். பெண் பிறந்தால் செலவு என்ற எண்ணம் இதற்கு ஒரு காரணம். அந்தச் செலவுக் கணக்கு பிறந்த வீட்டிலேயே, முதல் பரிசிலேயே தொடங்கிவிடுகிறது. ஆண் பிள்ளைக்கு மோதிரம், பெண் பிள்ளைக்கு உடுப்பு என்று வேறுபடுத்தும் வீடுகளும் உண்டு. பேறுகாலச் செலவு, தொட்டில், நகை யாவும் தாய்வீட்டின் தலையிலேயே விழும் வழக்கமும் உண்டு. போதாக்குறைக்கு, வந்த பரிசு மொய் நோட்டில் ஏறித் திருப்பிச் செய்ய வேண்டிய கடனாகிறது. 2025இல் ஆபரணத் தங்கம் கிராம் 10,000 ரூபாயைத் தாண்டியது. அரை கிராம் மோதிரமும் கூலி வேலை செய்யும் மாமனுக்குப் பெருஞ்சுமை.

அரசின் ஏற்பாடுகளில் நாம் கற்கத்தக்க ஒன்று உண்டு. 2015இல் அரசு மருத்துவமனைகளில் பிறக்கும் குழந்தைகளுக்கு 1,000 ரூபாய் மதிப்பில் 16 பொருள்கள் கொண்ட பெட்டகம் வழங்கும் திட்டம் தொடங்கப்பட்டது. துண்டு, உடை, சிறு மெத்தை, கொசுவலை, சோப்பு, நகவெட்டி, கிலுகிலுப்பை, தாய்க்குச் சௌபாக்கிய சுண்டி லேகியம் என அனைத்தும் அன்றாடம் பயன்படுவன. ஆணுக்கொரு பெட்டகம், பெண்ணுக்கொரு பெட்டகம் என்று இல்லை. தாயையும் மறக்கவில்லை.

நாம் செய்யத்தக்கது

பிள்ளை பார்க்கப் போகும்போது நினைவில் வைக்கத்தக்கவை சில. தாய்க்கு எது தேவை என முன்னரே கேட்டறிவது நன்று. துவைத்த மென்மையான பருத்தித் துணி, கொசுவலை, தாய்க்குச் சத்துள்ள உணவு, தடுப்பூசிக்குச் சென்றுவர வண்டிச் செலவு ஆகியவை எளிய பரிசுகளாயினும் அன்றே பயன் தருவன. தளர்ந்த மோதிரம், கழன்று விழும் மணி, சிறு உறுப்புகள் கொண்ட பொம்மை ஆகியவை குழந்தையின் வாய்க்குள் போய்விடக்கூடும். அவற்றைத் தவிர்ப்பதே அறிவுடைமை. எல்லாவற்றுக்கும் மேலாக, முன்பு அவ்வீட்டு ஆண் பிள்ளைக்கு என்ன கொடுத்தோமோ அதையே பெண் பிள்ளைக்கும் கொடுப்போம். இயலாதெனில் இருவருக்கும் எளியதையே கொடுப்போம். தராசு ஒன்றாக இருக்கட்டும்.

ஜமாஅத்துக்கும் ஒரு வேண்டுகோள். நம் மஹல்லாவில் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும், செல்வர் வீடாயினும் வறியவர் வீடாயினும், ஆணாயினும் பெண்ணாயினும், பைத்துல்மால் சார்பில் ஒரே அளவான எளிய பரிசுப் பை ஒன்றை ஏழாம் நாளில் நிர்வாகிகள் நேரில் சென்று வழங்கலாம். அன்றே குழந்தையின் பெயரை மஹல்லா பதிவேட்டில் எழுதலாம். செல்வர் தம் பைக்கு ஈடான தொகையைப் பைத்துல்மாலுக்கே திருப்பித் தந்தால் செலவும் பெரிதாகாது. மொய் நோட்டில் ஏறாத, திருப்பிச் செய்ய வேண்டாத முதல் பரிசு அதுவாக இருக்கும். பெண் பிறந்த வீட்டு வாசலில் ஜமாஅத்தார் மலர்ந்த முகத்துடன் வந்து நிற்பதைக் காணும் அக்குடும்பம், தன் மகள் இவ்வூராரால் வரவேற்கப்பட்டவள் என்பதை உணரும். வரும் பொதுக்குழுவில் இதனை ஆலோசனைக்கு எடுத்துக்கொள்ளுமாறு அன்புடன் வேண்டுகிறோம்.

நம் மஹல்லாவில் பிறக்கும் மக்கள் அனைவரையும் நல்லடியார்களாகவும் நீண்ட ஆயுள் உடையவர்களாகவும் வல்ல அல்லாஹ் ஆக்கி அருள்வானாக! ஆமீன்.